அண்ணாச்சி விரல் வைத்த கிட்டார்

மேடையில் பாட்டின் பாதியில் இருந்தேன். வலது கை தந்தியை மீட்டிக்கொண்டிருந்தது. இடது கை, நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்து இழுப்பாரே, அந்த மாதிரி ஒரு நீளமான கமகத்தை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து பிச்சையா அண்ணாச்சி மேடைப் படியேறி வந்தார்.

வெள்ளை வேட்டி, தோளில் ஜரிகை நேரியல், நெற்றி நிறையத் திருநீறு. பக்கத்தில் வந்ததும் மிளகாய் வத்தல் நெடி. அண்ணாச்சி திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவில் வத்தல் மொத்த வியாபாரி. எங்கள் தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாக் கமிட்டியின் செயலாளரும் அவர்தான். எத்தனை செண்ட் போட்டாலும் அந்த நெடி அவரை விட்டுப் போவதில்லை.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிட்டாரைப் பார்த்தார். கீழே உட்கார்ந்திருந்த ஜனத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய ஆள்காட்டி விரல் என் தந்திகளை நோக்கி நீண்டது.

வாசித்துக்கொண்டிருப்பவனின் தந்தியில் இன்னொருவர் விரல் வைப்பது, சாப்பிட்டுக்கொண்டிருப்பவனின் இலையில் கை வைக்கிற மாதிரி. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகமாக வந்தது. அந்த விரலை எடுத்த பிறகு அவர் மைக்கை வாங்கி என்ன சொல்லப்போகிறார் என்பதில்தான் எங்கள் குழுவின் பிழைப்பு இருந்தது.

விரல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும். அது அங்கே எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ‘இசைக் கலைஞரின் நினைவுகள் என்று போட்டுவிட்டு வாராவாரம் கயிற்றையும் சாக்கையும் பற்றியே எழுதுகிறீர்களே’ என்று ஒரு வாசகர் கோபித்துக்கொண்டிருக்கிறார். நியாயமான கோபம். எங்கள் குடும்பம் கயிறு, சாக்கு மொத்த வியாபாரம். வேறு எதைப் பற்றி எழுதுவது? இந்த வாரம் கயிறு கிடையாது, கம்பி மட்டும்தான்.

அயர்லாந்து போன கீபோர்டு

திருவனந்தபுரத்தில் திருவிழா என்றால் கானமேளா உண்டு. கோயில் மைதானத்தில் மேடை போட்டு, ஒரு குழு சினிமாப் பாட்டுகளைப் பாடும். எங்கள் குழுவுக்குத் தலைவரும் பாடகரும் வேணு சேட்டன், அதாவது வேணு அண்ணன். கணீரென்ற குரல், கமிட்டிக்காரர்களைக் கண்டால் மட்டும் அது கம்மிவிடும். தாஸ் டிரம்ஸ். நான் கிட்டார். ஷிபு என்று ஒருவன் கீபோர்டு.

ஷிபுவைக் கீபோர்டு என்று சொன்னால் போதாது. வயலின் கூட்டம், புல்லாங்குழல், நாதஸ்வரம், தவில், மழை, இடி எல்லாம் அவன்தான். நாங்கள் அவனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம் என்று சொல்வதுதான் சரி. அவன் மனைவிக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. இந்த ஊரில் ஒரு நல்ல நர்ஸுக்கு விசா வந்தால் ஒரு கானமேளாக் குழு படுத்துவிடும். வழியனுப்பும்போது எல்லாரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவன் கீபோர்டைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

மறுநாளே வேணு சேட்டன் ட்ராக் என்ற பேச்சை எடுத்தார். ட்ராக் என்றால் பின்னணி இசை முழுவதையும் முன்கூட்டியே பதிவு செய்து லேப்டாப்பில் வைத்துக்கொள்வது. பாடகர் பாடுவார். மற்றவர்கள் கருவியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். சில குழுக்களில் பாடகரும் தலையை மட்டும்தான் ஆட்டுகிறார் என்று கேள்வி.

இதில் தாஸுக்கும் எனக்கும் என்ன வேலை என்று கேட்டேன். நின்றால் போதும், பார்க்க நன்றாக இருக்கும் என்றார். தாஸ் டிரம்ஸ் குச்சிகளை உறையில் போட்டுக் கட்டினான். இருபது வருஷமாக டிரம்ஸ் அடித்தவனிடம் போய், அடிப்பது போல நில் என்று சொன்னால் அவன் வேறு என்ன செய்வான்? எனக்குத்தான் சுருக்கென்றது. எங்கள் தெருக் கொடைவரைக்கும் பொறுங்கள், ஷிபுவின் அத்தனை வாத்தியத்தையும் என் கிட்டாருக்குள் கொண்டுவருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன். கொடையில் தேறினால் குழு இப்படியே இருக்கும், இல்லையென்றால் ட்ராக் என்று முடிவானது.

எட்டுக் காது

வாய்விட்ட பிறகுதான் அது எப்படி என்று படிக்க ஆரம்பித்தேன்.

மிடி என்று ஒன்று இருக்கிறது. மிடி சத்தம் அல்ல, சத்தத்துக்கான உத்தரவு. ‘இன்ன ஸ்வரம், இவ்வளவு அழுத்தம், இப்போது ஆரம்பி, இப்போது நிறுத்து’ என்று ஒரு கருவி இன்னொரு கருவிக்கு அனுப்புகிற குறிப்பு. நம் செக்ரட்டேரியட் ஃபைல் மாதிரிதான், அது தானாக எந்த வேலையும் செய்யாது, செய்யச் சொல்லும். என்ன, மிடி ஃபைல் உடனே நகரும்.

கீபோர்டு கட்டையை அமுக்கினால் இது இன்ன ஸ்வரம் என்று கருவிக்குத் தெரியும். கிட்டார் தந்திக்கு அது தெரியாது. அது பாட்டுக்கு அதிரும். அந்த அதிர்வைக் கேட்டு இன்ன ஸ்வரம் என்று கண்டுபிடிக்க ஒரு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிக்கு ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். அதற்குத் தந்திக்கு ஒரு காது வைத்த பிக்கப் ஒன்றை கிட்டாரில் ஒட்ட வேண்டும்.

எனக்கு ஆறு தந்தி போதவில்லை. மேலே நாதஸ்வரம், நடுவில் புல்லாங்குழலும் வயலினும், கீழே தவில் என்று பங்கு பிரித்துப் பார்த்தேன், எட்டுத் தந்தி கேட்டது. எட்டுத் தந்தி கிட்டாரைப் பெங்களூரிலிருந்து வரவழைத்தேன். அதன் பிறகுதான், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற பிக்கப்புக்கு ஆறு காதுதான் என்று தெரிந்தது. எட்டுக் காது வைத்ததை வெளிநாட்டில் ஒருவரிடம் சொல்லிச் செய்து வாங்கினேன். பெண்ணைப் பார்த்து முடித்த பிறகு ஜாதகம் பார்க்கிறவன் நான்.

என் அப்பாவுக்கு இப்படி விளக்கிச் சொல்கிற அவஸ்தை இருக்கவில்லை. நான் முதல் முதலாகக் கிட்டார் வாங்கிய காலத்தில், உங்கள் மகன் என்ன செய்கிறான் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், கம்பி லைன்ல இருக்கான் என்று மட்டும் சொல்வார். கேட்டவர்கள் கட்டடக் கம்பி என்று எடுத்துக்கொள்வார்கள். அப்படி எடுத்துக்கொண்டு எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்தான் என் மாமனார்.

கோமதியின் கேள்வி

அந்த மாமனாரின் மகள் கோமதி. கட்டடக் கம்பி எதிர்பார்த்து வந்தவள், கிட்டார்க் கம்பியோடு குடும்பம் நடத்துகிறாள்.

பிக்கப்பை, தந்திகளைத் தாங்குகிற பாலத்தை ஒட்டி வைக்க வேண்டும். தந்திக்கும் அதற்கும் நடுவே ஒரு நாணயம் நுழையுமளவு இடைவெளிதான் இருக்கலாம். கொஞ்சம் விலகினால் காது கேட்காது, கொஞ்சம் நெருங்கினால் தந்தி இடிக்கும். ஒரு தந்தியைத் தட்டினால் பக்கத்துத் தந்தியும் சும்மா இருக்காமல் லேசாக அதிரும். பெட்டி அதையும் உத்தரவாக எடுத்துக்கொண்டு, கேட்காத வயலினை எழுப்பிவிடும். அதை அடக்கக் கோமதியின் தலைமுடி பேண்ட் ஒன்றை எடுத்துக் கிட்டாரின் கழுத்தில் மாட்டினேன். ஊதா நிறம், வெல்வெட். வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு பட்டை விற்கிறார்கள், கோமதியின் பேண்ட் அதைவிட நன்றாக வேலை செய்தது.

அடுத்த சிக்கல் தவில். கீழே இருக்கிற தடித்த தந்திகள் மெதுவாக அதிர்பவை. ஒரு முழு அலையாவது கேட்டால்தான் பெட்டிக்கு ஸ்வரம் பிடிபடும். தடித்த தந்தியின் அலை வந்து சேர்வதற்குள் பாட்டு ஒரு எட்டு முன்னால் போய்விடுகிறது. நாதஸ்வரம் பந்தலில் இருக்கும், தவில் அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கிக்கொண்டிருக்கும்.

பல நாள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டு வழி கண்டேன். தடித்த தந்திகளைக் கழற்றிவிட்டு மெல்லிய தந்தி போட்டு, மேல் ஸ்தாயியில் சுருதி சேர்த்தேன். மெல்லிய தந்தி வேகமாக அதிரும், பெட்டி சட்டென்று பிடித்துக்கொள்ளும். வருகிற ஸ்வரத்தைக் கீழே இறக்கிக்கொள்ளும்படி, உத்தரவை வாங்கிச் சத்தம் எழுப்புகிற சிந்தசைசரிடம் சொல்லிவிட்டால் போதும். தவில் சரியான நேரத்துக்கு வந்தது. நான் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தபோது கோமதி சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள்.

“தடிச்ச கம்பி வேணும்னுதானே எட்டுக் கம்பி கிட்டார் வாங்கினீங்க?”

ஆமாம் என்றேன்.

“இப்ப அதைக் கழட்டிட்டு மெலிசு போட்டுட்டீங்க. பின்ன எதுக்கு இது, சொல்லுங்க கேக்கட்டும்.”

நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் பேண்டைப் பார்த்துவிட்டாள். அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஏழு படி ஏறினால்

எல்லாவற்றையும்விட என்னை அழவைத்தது கமகம்.

நாதஸ்வரத்துக்குக் கமகம்தான் உயிர். ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். நான் தந்தியில் வழுக்கிக்கொண்டுதான் போனேன். சிந்தசைசரில் இருந்த நாதஸ்வரம் அந்த இழுப்புக்கு ஒரு சின்ன நடுக்கம் நடுங்கியது, அவ்வளவுதான். குளிர் காய்ச்சல் வந்த நாதஸ்வரம்.

காரணம் கண்டுபிடிக்க வாரக்கணக்கானது. ஸ்வரம் எவ்வளவு வளைகிறது என்பதைப் பெட்டி ஒரு அளவில் சொல்கிறது, சிந்தசைசர் வேறு அளவில் புரிந்துகொள்கிறது. பெட்டியின் கணக்கில் முழு வளைவு என்றால் பன்னிரண்டு படி. சிந்தசைசரின் கணக்கில் இரண்டே படி. ஆக, நான் பஞ்சமத்துக்காக ஏழு படி ஏறினால் அது ஒரு படிக்குச் சற்று மேலே ஏறிவிட்டு, ஏறியாயிற்று என்று உட்கார்ந்துவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணை வைத்தேன், எட்டுத் தந்திக்கும் தந்திக்கொரு தனி வழியாக. அன்றைக்குச் சாயங்காலம் வழுக்கிப் பார்த்தேன். நாதஸ்வரம் ஒரே மூச்சில் போய்ப் பஞ்சமத்தில் நின்றது. பக்கத்து வீட்டில் என்ன விசேஷம் என்று மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.  நாற்பத்தேழு வயதில் ஒரு பெட்டியின் எண்ணை மாற்றியதற்காக அழுதவன் ஆரியசாலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு சுத்தம் செய்வதே வேலையாக இருந்தேன். பிசிறு, கேட்காத ஸ்வரம், தாமதம் எதுவும் இல்லாமல் துடைத்துத் துடைத்து வாசித்தேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எட்டுப் பேர் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. அதுதான் நான் செய்த தப்பு.

குத்தூசிக் கை

கொடை வந்தது. பிச்சையா அண்ணாச்சி நிகழ்ச்சிக்கு முன்பே குழுவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். கமிட்டி கூப்பிட்டிருப்பது நேரடியாக வாசிக்கிற கானமேளாவை. ட்ராக் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே மைக்கை வாங்கி ஊரறியச் சொல்லிவிடுவார். முந்தைய வருஷம் வேறொரு குழுவுக்கு அப்படித்தான் செய்தார். அதன் பிறகு அந்தக் குழுவை எந்தக் கோயிலிலும் காணவில்லை.

ஆரியசாலையில் யாரும் சரக்கைச் சொல்லக் கேட்டு வாங்குவதில்லை. மூட்டையில் குத்தூசியைச் சொருகி, வருவதை உள்ளங்கையில் போட்டுப் பார்த்து, முகர்ந்து, ஒன்றைக் கடித்தும் பார்ப்பார்கள். அண்ணாச்சி அதில் பேர் போனவர். அவர் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்திப் பார்த்தார் என்று சொல்வார்கள்.

மூன்று பாட்டு முடிந்தது. நான் வாசித்ததில் ஒரு பிசிறு இல்லை. அதுதான் ஜனத்துக்கு உறுத்தியது. மேடையில் பார்த்தால் ஒரு பாடகர், ஒரு டிரம்ஸ், ஊதாப் பட்டை கட்டிய ஒரு கிட்டார். காதில் கேட்பதோ நாதஸ்வரம், தவில், வயலின் கூட்டம். முன்வரிசையில் குசுகுசு என்று ஆரம்பித்தது. பின்வரிசையில் ஒருவர் ட்ராக் என்று சத்தமாகவே சொன்னார். வேணு சேட்டனுக்கு வரி மறந்தது. தாஸ் அடிப்பதை நிறுத்தாமல் என்னையே பார்த்தான். நாங்கள் ட்ராக் ஆகாமல் இருப்பதற்காக நான் மாதக்கணக்கில் உழைத்த உழைப்பே எங்களை ட்ராக் ஆக்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி படியேறி வந்தார்.

விரல்

அவர் விரல் ஏழாவது தந்தியில் பட்டது. ‘திம்’ என்று தவில் முழங்கியது. அண்ணாச்சி சூடு பட்டவர் போல் கையை எடுத்தார்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். மைதானமே அடங்கியது. அவர் மறுபடி நீட்டி, முதல் தந்தியைச் சுண்டினார். நாதஸ்வரம் ‘பீ’ என்றது. தந்தியை மேலே தள்ளினார், நாதஸ்வரமும் மேலே போனது. கீழே விட்டார், அதுவும் இறங்கியது. அவர் முகத்தில் சந்தேகம் இருந்த இடத்தில் ஏதோ ஒன்று பரவிக்கொண்டே வந்தது. பிறகு ஐந்து விரலையும் வைத்து, வத்தலைக் கிளறுகிற மாதிரி எட்டுத் தந்தியையும் ஒரே வாரு வாரினார். கல்யாணப் பந்தலே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. அத்தனை வாத்தியமும் அபஸ்வரத்தில் ஒன்றாக அலறின.

ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கல்ல, அண்ணாச்சிக்கு.

அவர் மைக்கை வாங்கினார். 

“இது ட்ராக் அல்ல, கேட்டோ. நான் தொட்டுப் பாத்துட்டேன். சரக்கு சுத்தம்.”

தாஸ் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். நாங்கள் பிழைத்தோம்.

தலைவருக்கு நாதஸ்வரம், செயலாளருக்குத் தவில்

அண்ணாச்சி தந்தி வாரிய வீடியோ அடுத்த நாளே எல்லார் போனிலும் இருந்தது. அடுத்த வாரம் முதல் எங்களைக் கூப்பிட்ட எல்லாக் கமிட்டிகளும் ஒன்றையே கேட்டன: அந்தத் தொடுகிற ஐட்டம் உண்டுதானே?

உண்டு என்றார் வேணு சேட்டன். அன்றிலிருந்து ஊருக்கு ஊர் ஒரு பெரிய மனிதர் மேடையேறி என் கிட்டாரைத் தொட்டார். கல்லாற்றில் ஒரு ரிசார்ட் திறப்பு விழாவில் முதலாளியின் மாமனார் வந்து தொட்டார், புகைப்படக்காரர் சரியாக எடுக்கவில்லை என்று மறுபடி தொட்டார். ஒரு கோயிலில் யாருக்கு எந்தத் தந்தி என்று சண்டை. தலைவருக்கு நாதஸ்வரம், செயலாளருக்குத் தவில் என்று சமாதானம் ஆயிற்று. பொருளாளருக்குப் புல்லாங்குழல்தான் மிச்சம் என்றதும் அவர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

எனக்கு இது அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனால் மிச்சப் பாட்டெல்லாம் நாங்கள் நேரடியாகவே வாசித்துக்கொண்டிருந்தோம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு நாள் வேனில் திரும்பி வரும்போது வேணு சேட்டன் மெல்ல ஆரம்பித்தார்.

“எடா சங்கரா, தொடுறது மட்டும் லைவ் வெச்சா மதி, அது போதும். ஆரம்பத்துலயே தொட வெச்சிடுவோம். ஜனம் நம்பிடும். பின்னே ட்ராக் போடலாம்.”

நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் வேனிலிருந்து அவரைத் தள்ளிவிடுகிற மாதிரி ஏதாவது சொல்லியிருப்பேன். நேரடியாக வாசிக்கிறோம் என்று நிரூபிக்க ஒரு நிமிஷம் போதும், நிரூபித்த பிறகு வாசிக்க வேண்டியதில்லை என்கிறார். இதில் எங்கேயும் அவருக்குக் கூச்சமே இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். பழவங்காடிப் பக்கம் ஒரு வியாபாரிகள் சங்க ஆண்டு விழா. போய்ப் பார்த்தால் மேடையில் லேப்டாப் உட்கார்ந்திருக்கிறது. தாஸின் டிரம்ஸ் இருக்கிறது, அதற்கு மைக் இல்லை. தாஸ் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் ஐட்டமே தொடுகிற ஐட்டம். சங்கத் தலைவர் பாத்திரக் கடை முதலாளி, புது மோதிரம் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். சபையில் இருந்த எல்லாப் போனும் தலைக்கு மேலே உயர்ந்தன. தலைவர் முதல் தந்தியைச் சுண்டினார்.

சத்தம் வரவில்லை. கிட்டாரின் வால்யூமை நான் முழுக்கக் குறைத்து வைத்திருந்தேன்.

மறுபடி சுண்டினார். தலைவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோதிரத்தைக் கழற்ற வேண்டுமோ என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். சின்ன டெக்னிகல் பிரச்சினை என்று மைக்கில் சொல்லிக்கொண்டே வேணு சேட்டன் என் பக்கம் வந்தார்.

“சேட்டா, முழுசும் நான் வாசிக்கணும். தாஸுக்கு மைக் வேணும். இல்லேன்னா இவர் விரலுக்குச் சத்தம் வராது.”

அவர் என்னைப் பார்த்தார். தலைவரின் வியர்த்த நெற்றியைப் பார்த்தார். தூக்கிப் பிடித்திருந்த போன்களைப் பார்த்தார்.

“வாசி,” என்றார். “எல்லாம் நீயே வாசி.”

தாஸ் அதற்குள் எழுந்து, பக்கத்தில் இருந்த மைக் ஸ்டாண்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டான். நான் வால்யூமை ஏற்றினேன். தலைவர் சுண்டினார். நாதஸ்வரம் பீறிட்டுக் கிளம்பியது. சபை ஆர்ப்பரித்தது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

அன்றைக்கு நான் வாசித்த மாதிரி அதற்கு முன்பு வாசித்ததில்லை. கமகம் நான் நினைத்த இடத்துக்கெல்லாம் போய் நினைத்த இடத்தில் நின்றது. தாஸ் பேய் பிடித்தவன் போல் அடித்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்த மேடை வேறு இல்லை.

நாலாவது பாட்டில் நிமிர்ந்து பார்த்தேன். வரிசை வரிசையாகத் தலைகள் போனில் குனிந்திருந்தன. தலைவர் தந்தியைச் சுண்டிய வீடியோ எல்லாருக்கும் வந்து சேர்ந்திருந்தது. முன்வரிசையில் தலைவர் தன் போனைக் காதோடு வைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். என் நாதஸ்வரம் இடைஞ்சலாக இருந்ததால் இன்னொரு காதை விரலால் அடைத்துக்கொண்டார்.